காயா, வேரா, கட்டையா?

எங்கள் மில்லில் மூன்று மெஷின். முதலாவதில் அரிசி, ராகி, கம்பு. இரண்டாவதில் மிளகாய், மல்லி, மஞ்சள். மூன்றாவது, மூலையில் தகரத் தடுப்புக்குப் பின்னால் தனியாக நிற்கும். அது சீயக்காய் மெஷின். அதை ஓட்டுகிற நாளில் மாமா ஈரத்துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். அப்படியும் தும்மல் விடாது. தெருவில் போகிறவர்கள் தும்ம ஆரம்பித்தால், "ஊருக்கே தெரிஞ்சிபோச்சு, இன்னிக்கு சீயக்காய் அரவைன்னு" என்று சிரிப்பார். தலையில் நுரை தருகிற சபோனின்தான் மூக்கையும் அரிக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது ரொம்ப நாள் கழித்து.

கல்யாணமாகிப் போளூருக்கு வந்த புதிதில் எனக்குப் பொழுதுபோக்கே இந்த மூலைதான். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பையோடு வருவார்கள். பையை அவிழ்த்தால் அது எந்த வீடு என்று சொல்லிவிடலாம். ஒருவர் சீயக்காயோடு வெந்தயமும் பச்சைப்பயறும் மட்டும் போடுவார். இன்னொருவர் பூலாங்கிழங்கு, கார்போகரிசி, ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த எலுமிச்சைத் தோல் என்று கடையையே கொட்டிக்கொண்டு வருவார். பூந்திக்கொட்டை போட்டவர்களை மாமாவுக்குப் பிடிக்காது. சல்லடையில் ஒட்டிக்கொள்ளுமாம். அரைத்து முடித்ததும் கப்பியைக் கையில் அள்ளி, "இதையும் இன்னொரு தடவை விடுங்க" என்று கேட்காதவர் யாருமில்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றதை வைத்து 2017-ல் நானும் பொடி போட ஆரம்பித்தேன். தலைக்குச் சீயக்காய்ப் பொடி, குழந்தைகளுக்குக் குளியல் பொடி, முகத்துக்கு ஒரு பூச்சுப் பொடி, அப்புறம் கூந்தல் எண்ணெய். பாக்கெட்டை வடிவமைத்தது என் தம்பி மகன். "அத்தை, பின்பக்கம் இடம் காலியா இருக்கு, ஏதாவது எழுதணும்" என்றான். "முழுக்க முழுக்க மூலிகை. இயற்கைக்குக் கேடில்லாதது" என்று எழுதச் சொன்னேன். முதல் வரிக்கு நான் பொறுப்பு. இரண்டாவது வரி இடத்தை நிரப்பச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த வரியை யாரும் கேள்வி கேட்கவில்லை, இரண்டு வருஷத்துக்கு. அப்புறம் பெங்களூரிலிருந்து எண்ணெய் வாங்குகிற ஒரு பெண் வாட்ஸப்பில் கேட்டாள்.

"அக்கா, எண்ணெய்ல ஜடாமாஞ்சி போடறீங்களே, அது எங்கிருந்து வருது?"

"நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கறோம்மா."

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னாடி என்று ஒன்று இருக்கிறது என்பதையே நான் யோசித்ததில்லை. கடைக்காரரைக் கேட்டேன். சென்னையிலிருந்து வருகிறது என்றார். சென்னைக்கு? "டெல்லிப் பக்கமிருந்து வரும். அதுக்கு மேல எனக்கும் தெரியாதும்மா. இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

ஜடாமாஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்டுவிரல் கனத்தில் ஒரு துண்டு, மேலெல்லாம் பழுப்பு முடி சுற்றியது போல் நார். அதனால்தான் 'ஜடை'. முகர்ந்தால் மழை நனைத்த பழைய மரப்பெட்டி வாசனை. அது தரைக்கு அடியில் இருக்கிற தண்டும் வேரும். இமயமலையில் கடல்மட்டத்துக்கு மேல் 3000 மீட்டரிலிருந்து 5000 மீட்டர் உயரம் வரை வளர்கிற சின்னச் செடி. அதிகமாக வருவது நேபாளத்திலிருந்து. அந்தக் குளிரில் அது மெதுவாகத்தான் வளரும். வேர் வேண்டுமென்றால் செடியைப் பிடுங்கவேண்டும். பிடுங்கினால் செடி இல்லை. இவ்வளவுதான் கணக்கு. 1997-லேயே அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அது இருப்பது கடைசிக்கு முந்தைய படிகளில் ஒன்று. அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போனது என்பதுதான்.

நான் பத்து லிட்டர் எண்ணெய்க்கு நூறு கிராம் போட்டுக்கொண்டிருந்தேன். நூறு கிராம்தானே என்று மனசு சமாதானம் சொல்லிற்று. நம்மூரில் கூந்தல் எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் எத்தனை பேர், அத்தனை பேரும் நூறு கிராம்தானே என்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தபோது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அன்றைக்கே நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். கையிலிருந்த ஒன்றரைக் கிலோ தீர்கிறவரை போட்டேன். வாங்கியாகிவிட்டது, எரிக்கவா முடியும்?

நிறுத்தியதும் எண்ணெயின் வாசனை மாறிப்போயிற்று. "முன்ன மாதிரி இல்லையே, கலப்படமா?" என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது வெட்டிவேரை அதிகமாக்கிக் காய்ச்சுகிறேன். அதுவும் வேர்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். வெட்டிவேரைக் கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் பயிர் செய்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருஷப் பயிர். வேரைத் தோண்டி எடுத்தபிறகு மேலே மிஞ்சுகிற தூரைப் பிரித்து அதையே திரும்ப நடுவார்கள். காட்டில் தானாக முளைத்த வேரைப் பிடுங்குவதும், நட்டவன் தோண்டுவதும் ஒன்றாகாது.

அப்போதிலிருந்து என் பட்டியலை நோட்டில் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரே கேள்வியைப் போட்டேன். காயா, இலையா, வேரா, கட்டையா? காயும் பூவும் இலையும் என்றால் செடி நிற்கும். வேரும் கட்டையும் என்றால் செடி போகும். ரொம்ப முரட்டுக் கணக்குதான். ஆனாலும் அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தபோது நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. சீயக்காய், பூந்திக்கொட்டை, ஆவாரம்பூ, கார்போகரிசி, பயறு எல்லாம் ஒரு பக்கம். ஜடாமாஞ்சியும் ரத்த சந்தனமும் இன்னொரு பக்கம்.

ரத்த சந்தனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செம்மரத்தின் கட்டைதான் அது.

முகப்பூச்சுப் பொடிக்கு அதன் சிவப்பு நிறம்தான் அழகு. இணையத்தில் ஒரு வியாபாரியிடம் மூன்று கிலோ தூளாகவே வாங்கியிருந்தேன். ஒருநாள் மில்லுக்குக் கேழ்வரகு கொண்டுவந்த பெரியவர், வனத்துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாம்மா" என்றார். ஒரு சிட்டிகை போட்டார். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி ஆயிற்று. "செம்மரத்துச் சிவப்பு தண்ணிக்கு லேசுல மசியாது. ஸ்பிரிட்டுக்குத்தான் மசியும். இது சாயம்" என்றார். அப்புறம் நானே சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறொரு கடைத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. துண்டு தண்ணீரில் கிடந்தவரை ஒன்றுமில்லை, ஸ்பிரிட்டில் போட்டதும் சிவப்பு நூல் நூலாக இறங்கியது.

மூன்று கிலோவையும் குழி தோண்டிக் கொட்டினேன். வியாபாரி போனை எடுக்கவில்லை. பணம் போனது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய சங்கடம், அது அசலாகவே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது.

செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளர்கிற இடம் கைப்பிடி அளவுதான். ஆந்திராவின் தெற்கே சேஷாசலம், அதை ஒட்டிய மலைகள். அதைவிட்டால் பக்கத்தில் கொஞ்சம். வயிரம் பாய்ந்த நடுக்கட்டைக்குத்தான் விலை. சீனாவுக்கு மேசை நாற்காலி செய்ய, ஜப்பானுக்கு இசைக்கருவி செய்யப் போகிறது. நம் முகப்பூச்சு அதன் ஓரத்தில் உதிர்கிற தூள்தான். அதுவும் சைட்டீஸ் பட்டியலில் 1995-லிருந்து இருக்கிறது.

அந்தக் கட்டையை வெட்டப் போகிற ஆட்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும், கூலி அதிகம் என்று தரகர்கள் சொன்னதை நம்பி பஸ் ஏறியவர்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலானவர்கள் எங்கள் திருவண்ணாமலை மாவட்டமும் தருமபுரி மாவட்டமும். கல்லெறிந்து, கோடரியோடு தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். படவேட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு உடல்கள் வந்த அந்த வாரம் மில்லில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் முகப்பூச்சுப் பொடியில் ரத்த சந்தனம் சேர்த்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவேயில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சட்டப்படி வாங்க வழியில்லையா என்றால் இருக்கிறது. பட்டா நிலத்தில் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள், அரசு ஏலமும் நடக்கிறது. ஆனால் அரைக்கிலோ தூள் வாங்குகிற எனக்கு அந்தக் காகிதத்தை யார் நகல் எடுத்துத் தருவார்கள்? பொடியிலிருந்து அதை எடுத்துவிட்டேன். இப்போது பொடி பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருக்கிறது.

சந்தனத்தை நான் தொட்டதேயில்லை. நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கட்டுப்படியாகாது. பாக்கெட்டில் சந்தனம் என்று போட்டு அறுபது ரூபாய்க்கு விற்பவர்கள் எந்தச் சந்தனத்தைப் போடுகிறார்கள் என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும். ஒரு காலத்தில் ஜவ்வாது மலைச் சந்தனக் கட்டைக்குத் திருப்பத்தூர் டிப்போவில் ஏலம் நடக்கும், வெளியூர்க் கம்பெனிகள் எல்லாம் வந்து நிற்பார்கள் என்று மாமா சொல்வார். இன்று மலையில் சந்தன மரத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

சரி, சீயக்காய்க்கு வருகிறேன். காய்தானே, செடி நிற்குமே என்று நோட்டில் நிம்மதியாக டிக் போட்டிருந்தேன். அந்த டிக்கைப் பார்த்துவிட்டு வரலாம் என்று 2020 தை மாதத்தில் ஒருநாள், ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மண் ரோட்டில் அரைமணி நேரம். மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பேரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே விளக்கம் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.

எனக்குக் காடு காட்டியவரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டேன். அறுபது வயசிருக்கும். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. எதற்கென்று அப்போது புரியவில்லை. சீயக்காய் என்பது கொடி, மரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் அங்கேதான் திருந்தினேன். கொடி என்றால் அவரைக்கொடி மாதிரி இல்லை. என் தொடைக் கனத்துக்கு அடி. பக்கத்து மரத்தைப் பிடித்து உச்சிவரை ஏறிப் போர்த்திக்கொண்டிருக்கிறது. தண்டெல்லாம் பின்பக்கம் வளைந்த முள். உள்ளே போகும்போது விட்டுவிடும், வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளும். என் சுடிதார் கையைப் பெரியம்மா பொறுமையாக முள் முள்ளாகக் கழற்றிவிட்டார்.

தொரட்டியால் கொத்தைப் பிடித்து ஒரு திருகு. காய் சரசரவென்று விழுகிறது. கீழே பேத்தி பொறுக்குகிறாள். விழுந்ததில் இரண்டு வகை இருந்தது. சிவந்து சுருங்கி, ஆட்டினால் கொட்டை கலகலவென்று பேசுவது ஒன்று. இன்னும் பச்சை வாடாமல் கனமாக இருப்பது ஒன்று. பச்சையில் பறித்துக் காயவைத்தால் கறுத்துப்போகும், நுரை வராது. மில்லில் சில மூட்டை ஏன் கருகல் நிறத்தில் வருகிறது என்று எத்தனையோ தடவை மாமாவிடம் கேட்டிருக்கிறேன். பதில் இங்கே கிடந்தது.

"ஏன் பெரியம்மா, பழுக்கட்டும்னு விடலாமே?"

"விட்டா யாரு பறிப்பா? நானா? காலைல வந்து பாத்தா கொடி மொட்டையா நிக்கும். அடுத்த ஊராளு முந்திக்குவான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, யேவாரி அவனுக்கும் முன்பணம் குடுத்திருக்கான்."

வியாபாரி தீபாவளிக்கே முன்பணம் கொடுத்துவிடுவாராம். தை பிறந்ததும் தராசோடு வந்து நிற்பார். அவர் சொன்னது விலை. பெரியம்மா அந்த வருஷம் கொடுத்தது கிலோ முப்பத்தைந்து ரூபாய். நான் போளூரில் வாங்கியது தொண்ணூறு. நடுவில் மலை இறங்கிய தூரம் நாற்பது கிலோமீட்டர்.

இன்னும் உள்ளே போனால் ஒரு இடத்தில் பெரிய கொடி ஒன்று தரையோடு அறுபட்டுக் கிடந்தது. வெட்டுவாயில் ஈரம் காய்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். தொரட்டிக்கு எட்டாத காய்க்காக அடியில் கொடுவாளைப் போட்டு மொத்தத்தையும் இழுத்திருக்கிறார்கள். பெரியம்மா அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, "இது எங்க மாமியாக்காரி காலத்துக் கொடி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் நோட்டில் போட்ட டிக் அங்கே போயிற்று. காயாக இருந்தாலும் அவசரம் வந்தால் கட்டைதான். அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ரொம்பப் பக்கத்தில், பொடி விலை கூடக்கூடாது என்று மலிவான மூட்டையாகப் பார்த்து வாங்குகிற என்னிடமிருந்துதான்.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இப்படிக் காட்டில் விளைகிற சிறு மகசூல் அங்கே வாழ்கிறவர்களுக்கே சொந்தம் என்கிறது. காகிதத்தில் சொந்தம். ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்கக் கையில் காசு இருந்தால்தான் அந்தச் சொந்தத்துக்கு மதிப்பு. மாமாவிடம் பேசி, மில் கணக்கிலிருந்து ஒரு தொகையை எடுத்தேன். அடுத்த கார்த்திகையில் திரும்ப மலை ஏறினேன். பதினோரு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசினோம். கிலோ எழுபது. பாதி முன்பணம். மாசி பிறக்காமல் யாரும் தொரட்டி எடுப்பதில்லை. கொடியை அறுப்பதில்லை. கொட்டை நீக்கிக் கொடுக்கவேண்டும். வியாபாரிக்குக் கொட்டையோடு வேண்டும், எடை நிற்குமே. எனக்குக் கொட்டையால் லாபமில்லை, நுரை தொலியில்தான். கொட்டை மலையிலேயே இருந்தால் ஓடைக்கரையில் தூவிவிடலாம் என்று அவர்களே சொன்னார்கள்.

என் நிபந்தனைகளைக் கேட்டுவிட்டு அவர்கள் ஒன்றே ஒன்று போட்டார்கள். "காய் இல்லாத வருஷம்னு ஒண்ணு வரும். அப்ப வந்து எங்கள நெருக்கக்கூடாது. குடுத்த காசை அடுத்த வருஷத்துல கழிச்சுக்கணும்." ஒத்துக்கொண்டேன். ரொம்பச் சுலபமாக ஒத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மற்றப் பொருள்களின் கதை இவ்வளவு நீளமில்லை. கஸ்தூரி மஞ்சளில் ஏமாறாத ஆள் யார்? கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று தருகிற, பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற வேறொரு கிழங்கு. அசலுக்கு நிறம் வெளிறி, சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும், உடைத்தால் கற்பூர வாசனை தூக்கும். கேரளத்தில் ஒரு விவசாயியிடம் விதைக்கிழங்கு வாங்கி வீட்டுக் கொல்லையில் போட்டேன். ஒன்பது மாதம். பச்சைக்கிழங்கு ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், கிணற்றடியைக் கை காட்டலாம்.

சோப்பும் கொஞ்ச நாள் செய்தேன். தயாராக விற்கிற சோப்புக் கட்டியை உருக்கி, வேப்பிலைச் சாறு ஊற்றி, அச்சில் வார்த்து, 'மூலிகை சோப்பு'. அந்தக் கட்டியின் உறையில் முதல் பெயராகச் சோடியம் பாமேட் என்று இருந்தது. பாமாயில்தான், வேறு பேரில். அதுவும் செடியிலிருந்து வருவதுதானே! இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களைப் பற்றி எல்லாரும் படித்திருப்போம். 2004-ல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பு, ஒழுங்காக விளைந்த பாமாயிலுக்குச் சான்று கொடுக்கிறது. அதில் ஒரு வகையில் சான்றுள்ள எண்ணெயும் இல்லாததும் ஒரே தொட்டியில் கலந்திருக்கலாம், கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும். என் கட்டி எந்தத் தொட்டி என்று விற்றவருக்கே தெரியவில்லை. சோப்பை விட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெயில் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன், விலை கேட்டவர்கள் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

சான்றிதழைக் குறை சொல்லுகிறேன் என்று நினைக்கவேண்டாம். காட்டிலிருந்து சேகரிப்பதற்கென்றே ஃபேர்வைல்ட் என்று ஒரு தரச்சான்று இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம், எடுத்தவருக்கு என்ன கிடைத்தது எல்லாம் பார்க்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலையில் பழங்குடிகள் பொறுக்குகிற தான்றிக்காய்க்கும் கடுக்காய்க்கும் அந்தச் சான்று கிடைத்திருக்கிறது. தான்றி மரப் பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைக்கும். காய்க்கு நல்ல விலை வந்தால் மரத்தை விறகுக்கு வெட்டமாட்டார்கள், கூடும் தப்பும். இதைப் படித்தபோது ஆசையாக இருந்தது. ஆனால் என்னை மாதிரி மூலை மெஷின்காரிக்கு அந்தத் தணிக்கைச் செலவைக் கேட்டாலே தும்மல் வரும். பெரிய கம்பெனிகள் செய்யலாம். அவர்களில் பலர் செய்வது வேறு. 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி, இப்படிச் செடிகொடியை வைத்து வியாபாரம் செய்பவர்கள் லாபத்தில் ஒரு பங்கை அதைக் காத்துவந்த மக்களுக்குத் தரவேண்டும். அது வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான், நமக்கில்லை என்று ஒரு பெரிய ஆயுர்வேத நிறுவனம் வழக்குப் போட்டது. உங்களுக்கும்தான் என்று 2018 டிசம்பரில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் சட்டத்தையே திருத்தி, பாரம்பரிய அறிவு, ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா போன்ற வைத்தியங்கள்) என்று தப்பிக்கப் பல வாசல்களைத் திறந்துவிட்டார்கள். பழைய சுவடியில் இருக்கிற அறிவு என்றால் பங்கு தரவேண்டாமாம். சுவடியில் எழுதிவைத்தவருக்கு யார் முள்ளில் நுழைந்து காயைப் பறித்துக் கொடுத்தார்களோ!

பாக்கெட்டிலிருந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டோம். தம்பி மகன், "அத்தை, அந்த இடம் திரும்பக் காலியாயிடுச்சு" என்றான். இப்போது அங்கே ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. சீயக்காய், ஜவ்வாது மலை. வெட்டிவேர், கடலூர். கஸ்தூரி மஞ்சள், எங்கள் கொல்லை. பூந்திக்கொட்டை, தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 'தெரியவில்லை' என்று அச்சடிக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தவர்கள்தான் அதிகம். ஒருவர் தன் தோட்டத்தில் நான்கு பூந்தி மரம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், போய்ப் பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அவர்கள் சொன்ன அந்த வருஷம் வந்துவிட்டது. கொடி பூத்திருந்த சமயத்தில் மழை விடாமல் அடித்துப் பூவெல்லாம் கொட்டிப்போயிற்று. மாசி முதல் வாரத்தில் பெரியம்மாவின் பேத்தி போன் செய்தாள். "அத்தே, காயே இல்ல. தொரட்டி எட்டற வரைக்கும் பறிச்சாச்சு. மேல கொஞ்சம் இருக்கு, அதுக்குக் கொடிய அறுக்கணும். ஆயா வேணாங்கறாங்க." வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு, முன்பணத்தையும் ஆர்டர் நோட்டையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் மூட்டை வந்தது. எப்போதும் அறுபது கிலோவுக்குக் குறையாது. நேற்று தராசில் முப்பத்தொன்று நின்றது. காய் ஒவ்வொன்றும் சிவந்து, கொட்டை நீக்கி, சுத்தமாக இருக்கிறது. மாமா ஒன்றை ஒடித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அரைத்துச் சலித்து, பயறும் வெந்தயமும் சேர்த்தால் நாற்பத்தைந்து கிலோ வரும். இருநூறு கிராம் பாக்கெட் இருநூற்று இருபத்தைந்து. முன்கூட்டியே எழுதிவைத்தவர்கள் கேட்டிருப்பது முந்நூற்று நாற்பது. அதனால் இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு பாக்கெட்தான், எழுதிவைத்த வரிசைப்படி. கிடைக்காதவர்களுக்கு அடுத்த மாசிதான். அதுவரைக்கும் உங்கள் ஊரில் செம்பருத்தி இலை கிடைக்கும், அரைத்துத் தேயுங்கள், அது போதும். கடையில் மூட்டை வாங்கி அரைத்துக் கொடுங்களேன், என்ன போய்விட்டது என்று கேட்டு இரண்டு பேர் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நாளைக் காலையில் அரவை.